45 ஓடும் ஸ்கூட்டரை 25க்குக் குறைப்பது: ஜேர்மனியில் பிள்ளைக்கு மோஃபா எடுக்கப் போகிறவர்களுக்கு

எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் மாலை ஆறரைக்கு. மகனுக்கு ஃபுட்போல் பயிற்சி முடிவது எட்டு மணிக்கு. நான் வேலை முடிந்து வந்து சோற்றில் கைவைக்கிற நேரம் பார்த்துத்தான் "அப்பா, வந்து ஏத்துறீங்களா?" என்று போன் வரும். அவனுக்கு 15 வயது ஆகப்போகிறது என்றதும், பாவித்த 50 சிசி ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி, வேகத்தை 25 கி.மீ.க்குக் குறைத்து மோஃபாவாக்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். "ஒரு வளையம் போட்டால் சரி, பதினைந்து நிமிச வேலை" என்றார் விற்றவர். பொய் இல்லை, வேகத்தைத் தடுக்கும் அந்த வளையத்தைப் போடும் வேலை பெரிய வேலை இல்லைத்தான். ஆனால் அந்த ஸ்கூட்டர் சட்டப்படி ரோட்டில் இறங்க ஒன்பது வாரம் ஆனது. அதில் ஏழு வாரம் என் அவசரத்தால் வீணானது. தாள் முதலில், வளையம் பிறகு என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

1. இது உங்களுக்குத் தேவையா என்று முதலில் பாருங்கள்

ஜேர்மனியில் 15 வயதுப் பிள்ளைக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று மோஃபா: அதிகபட்சம் 25 கி.மீ. வேகம், ஓட்டுகிறவர் மட்டும்தான் இருக்கலாம், முழு லைசன்ஸ் தேவையில்லை, ஒரு தேர்வுச் சான்றிதழ் போதும். மற்றது ஏ.எம். வகை லைசன்ஸ்: 45 கி.மீ. வரை ஓடும் 50 சிசி வண்டிகள். முன்பு ஏ.எம். எடுக்கப் பொதுவாக 16 வயது வேண்டும். 2021 ஜூலை 28 முதல் நாடு முழுவதும் 15 ஆக்கிவிட்டார்கள். 16 ஆகும்வரை அது ஜேர்மனிக்குள் மட்டும்தான் செல்லும். எல்லைப்பக்கம் இருப்பவர்கள் நெதர்லாந்தில் இருக்கிற சித்தி வீட்டுக்கு அதில் போகலாம் என்று நினைக்காதீர்கள்.

வித்தியாசம் காசில்தான். ஏ.எம். எடுக்க வகுப்பு, ஓட்டப் பயிற்சி, எழுத்துத் தேர்வு, ஓட்டத் தேர்வு, கண் பரிசோதனை, முதலுதவிப் பயிற்சி என்று எல்லாம் உண்டு. கூட்டிப் பார்த்தால் பல இடங்களில் ஆயிரம் யூரோவைத் தொடும். மோஃபாவுக்கு ஓட்டத் தேர்வு இல்லை, கண் பரிசோதனை இல்லை, முதலுதவி இல்லை. எங்கள் பக்கத்தில் 200 யூரோவுக்குள் முடிந்தது.

காசு பிரச்சினை இல்லை, போகிற வழி பெரிய ரோடு என்றால் ஏ.எம். எடுக்க விடுங்கள். 70, 100 என்று கார் பறக்கிற கிராமத்து ரோட்டில் 25இல் ஊர்வது நல்ல அனுபவம் இல்லை. எங்கள் ஊரிலிருந்து மைதானம் வரை சைக்கிள் பாதை இருக்கிறது. ஊர் எல்லைக்கு வெளியே மோஃபா சைக்கிள் பாதையில் போகலாம் என்பது சட்டம். ஊருக்குள் அப்படி அனுமதிக்கும் பலகை இருந்தால் மட்டும்தான். நான் மோஃபா பக்கம் சாய்ந்ததற்கு முழுக் காரணமும் அந்தப் பாதைதான்.

பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்றும் இல்லை. புதிதாக வந்து சேர்ந்தவர்கள், இலங்கை இந்திய லைசன்ஸ் ஆறு மாதத்தோடு செல்லாமல் போனவர்கள், கார் லைசன்ஸ் எடுக்கும்வரை மோஃபாவில் வேலைக்குப் போகலாம். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்திலும் எழுதலாம், தமிழில் இல்லை. ஜேர்மன் கார் லைசன்ஸ் கையில் இருப்பவர்கள் 45 ஓடும் ஸ்கூட்டரே ஓட்டலாம். தங்களுக்காக வண்டி தேடுகிறார்கள் என்றால் அவர்கள் இதற்கு மேல் வாசிக்கத் தேவையில்லை.

2. வகுப்புக்கு முன்கூட்டியே பதியுங்கள்

ஓட்டுநர் பள்ளியிலோ, சில இடங்களில் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்திலோ மோஃபா வகுப்பு நடக்கும். குறைந்தது ஆறு இரட்டை வகுப்பு, ஒவ்வொன்றும் 90 நிமிடம். அதோடு ஓட்டப் பயிற்சி ஒரு இரட்டை வகுப்பாவது இருக்கும். தேர்வில் 20 கேள்வி, ஏழு தவறுப் புள்ளி வரை விடுவார்கள். 15ஆவது பிறந்தநாளுக்கு மூன்று மாதம் முன்பிருந்து தேர்வு எழுதலாம். சான்றிதழ் கையில் வந்தாலும் 15 முடியாமல் ஓட்ட முடியாது. அடையாள அட்டை, ஒரு படம், பெற்றோர் கையெழுத்து இவ்வளவும் போதும். இந்தப் பக்கத்தில் எனக்கு ஒரு சிக்கலும் வரவில்லை.

3. ஸ்கூட்டரைப் பார்க்கும் முன் தாளைப் பாருங்கள்

இங்கேதான் நான் சறுக்கினேன்.

ஒவ்வொரு 50 சிசி ஸ்கூட்டருக்கும் ஒரு இயக்க அனுமதித் தாள் இருக்கும். ஜேர்மனில் 'பெட்ரீப்ஸ்எர்லௌப்னிஸ்' என்பார்கள். நாக்குச் சுளுக்கினாலும் பழகிக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் இதைத்தான் கேட்பார்கள். புது வண்டிகளில் ஐரோப்பிய ஒத்திசைவுச் சான்று என்று வேறு தாள் வரும். அதில் வண்டியின் அடிச்சட்ட இலக்கம், வகைக் குறியீடு, அதிகபட்ச வேகம் எல்லாம் இருக்கும். இந்தத் தாள் இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். "தொலைஞ்சு போச்சு, புதுசு எடுக்கலாம்" என்பார்கள். எடுக்கலாம்தான். தயாரிப்பாளரிடம் எழுதி, காசு கட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து.

விளம்பரத்தில் "மோஃபா ட்ரோஸல் கூடவே தரப்படும்" என்று எழுதியிருப்பார்கள். ட்ரோஸல் என்றால் வேகக் குறைப்பு. எனக்கு விற்றவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். போனதும் ஒரு பிளாஸ்டிக் பையில் வளையம் ஒன்றைக் கையில் தந்தார். "இதற்குத் தாள்?" என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பை வீட்டில் மூன்று வாரம் கிடந்தது. தாள் இல்லாத வளையம் வெறும் இரும்புத் துண்டு.

இன்னொன்று. "60 ஓடும்" என்று பெருமையாகச் சொன்னால் விலகிவிடுங்கள். இந்த நாட்டில் 45 என்று விற்கப்படும் பல ஸ்கூட்டர்கள் கடையிலிருந்தே ஏதோ ஒரு கட்டுப்பாட்டோடுதான் வருகின்றன. 60 ஓடுகிறது என்றால் யாரோ அதை எடுத்துவிட்டார்கள். அதை முதலில் 45க்குக் கொண்டுவந்து, பிறகு 25க்கு இறக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் வேண்டாம் என்று தோன்றினால் தொழிற்சாலையிலிருந்தே 25 ஆக வரும் மாடல்களும் இருக்கின்றன, மின்சார ஸ்கூட்டரிலும் உண்டு. விலை கூட. ஆனால் நான் பட்ட அலைச்சலைக் காசாகக் கணக்குப் போட்டால் பெரிய வித்தியாசம் இல்லை.

4. குறைப்புத் தொகுதியை வண்டியின் குறியீட்டோடு பொருத்தி வாங்குங்கள்

வளையமும் அதோடு கூட வரும் பாகங்களும் சேர்ந்ததுதான் தொகுதி. அதோடு ஒரு தொழில்நுட்பச் சான்று வரவேண்டும். 'குட்டாக்டன்' என்று கேளுங்கள். அதில் எந்தெந்த வண்டிக்கு இது பொருந்தும் என்று வகைக் குறியீடுகள் வரிசையாக இருக்கும். உங்கள் அனுமதித் தாளில் உள்ள குறியீடு, எழுத்துக்கு எழுத்து, அந்த வரிசையில் இருக்கவேண்டும். மாடலின் பெயர் ஒன்றாக இருப்பது போதாது. ஒரே பெயரில் இரண்டு ஸ்ட்ரோக், நான்கு ஸ்ட்ரோக் இரண்டும் இருக்கும். ஒரே பெயரில் வருடத்துக்கு ஒரு குறியீடும் இருக்கும்.

நான் இரண்டாவது முறை காசு கொடுத்துச் சான்றோடு வாங்கினேன், 60 யூரோ. பெயர் சரி, படம் சரி. குறியீட்டில் கடைசி எழுத்து வேறு. பரிசோதகர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தலையை ஆட்டினார், அவ்வளவுதான். பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடையிலும் திருப்பி எடுக்கவில்லை. வாங்கும் முன் சான்றின் பிரதியை மின்னஞ்சலில் கேளுங்கள். நல்ல கடை அனுப்பும். அனுப்பாத கடையில் வாங்காதீர்கள்.

கார்புரேட்டர் இல்லாமல் எரிபொருள் ஊசி முறையில் ஓடும் புது ஸ்கூட்டர் என்றால் வளையம் மட்டும் போதாமல் போகலாம். கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் மாற்றம் தேவைப்படும். அதை அந்த நிறுவனத்தின் வேலைத்தலத்தில் கேட்பதுதான் சரி.

5. பூட்டும் முன் பரிசோதகரிடம் பேசுங்கள்

டியூவ், டெக்ரா போன்ற பரிசோதனை நிலையங்களில் எல்லாப் பரிசோதகரும் இரண்டு சக்கர வண்டிக்குக் கையெழுத்துப் போடுவதில்லை. சில இடங்களில் வாரத்தில் ஒரு நாள்தான் அதற்கு ஆள் வருவார். போன் எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். 45ஐ மோஃபாவாக மாற்றும் பரிசோதனை செய்வீர்களா? என்ன தாள் கொண்டுவர வேண்டும்? எவ்வளவு கட்டணம்? பிறகு அனுமதித் தாளையும் சான்றையும் படம் எடுத்து அனுப்பி, இது போதுமா என்று கேட்டுவிடுங்கள். இதை நான் முதல் வாரமே செய்திருந்தால் தவறான தொகுதிக்குக் கொடுத்த 60 யூரோ மிச்சம்.

கட்டணம் சான்றைப் பொறுத்தது. சான்று முழுமையாக இருந்தால் சின்னப் பரிசோதனையோடு முடியும். இல்லையென்றால் தனி வண்டிப் பரிசோதனை என்று போய் இரண்டு மூன்று மடங்காகிவிடும். நான் கடைசியாகக் கட்டியது 90 யூரோவுக்குக் கொஞ்சம் மேலே.

6. வளையம் போடுவது

கைவேலை தெரியாதவர்கள் ஸ்கூட்டரைக் கடையில் கொடுத்துவிடுங்கள், 80 முதல் 120 யூரோ கேட்பார்கள். நான் ஊரில் சித்தப்பாவின் கராஜில் வளர்ந்தவன். அதனால் நானே செய்தேன். செய்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஸ்கூட்டரின் இடதுபக்க மூடிக்குள் பெல்ட் ஓடும். முன்னால் இருப்பது வேரியேட்டர், இரண்டு தட்டுகள் நேருக்கு நேர். எஞ்சின் வேகமெடுக்க எடுக்க உள்ளே இருக்கும் உருளைகள் வெளியே தள்ளப்பட்டு, ஒரு தட்டை மற்றத் தட்டுக்கு நெருக்கும். தட்டுகள் நெருங்கினால் நடுவில் இருக்கும் பெல்ட் மேலே ஏறும், வண்டி வேகம் கூடும். சைக்கிளில் கியர் மாற்றுவது போலத்தான். வளையம் என்ன செய்கிறது? தட்டுகளுக்கு நடுவே அச்சில் உட்கார்ந்துகொண்டு அவை முழுக்க நெருங்க விடாமல் தடுக்கிறது. பெல்ட் பாதியில் நின்றுவிடும். தடிப்பு கூடினால் வேகம் குறையும்.

வளையம் மட்டும் போட்டால் வண்டி முதல் கியரிலேயே ஓடுவது போல எஞ்சின் கத்தும், பெற்றோலும் குடிக்கும். அதனால் பல மோஃபா தொகுதிகளில் வளையத்தோடு எஞ்சின் சுற்றைக் கட்டுப்படுத்தும் சின்னப் பெட்டி ஒன்றும் வரும், சிலவற்றில் கார்புரேட்டரில் பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டும் வரும். சான்றில் என்னென்ன எழுதியிருக்கிறதோ அவ்வளவையும் போடவேண்டும். ஒன்றைப் போட்டு மற்றதை விட்டால் பரிசோதனையில் பிடிபடும்.

மூன்று இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது பெல்ட். தேய்ந்த பெல்ட் அகலம் குறைந்து கீழே உட்காரும், வண்டி மெதுவாக ஓடும். பழைய பெல்ட்டில் 25 காட்டிய வண்டி, ஆறு மாதம் கழித்துப் புது பெல்ட் போட்டதும் அதைத் தாண்டிவிடும். ஆகவே வளையம் போடும் அன்றே பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது முன்பக்க நட்டு. மூடும்போது பெல்ட் இரண்டு தட்டுக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும். நட்டு இறுகிவிட்டது என்று நினைப்பீர்கள். எஞ்சின் ஓடியதும் பெல்ட் விலகும், நட்டு தளரும், அச்சின் பல் தேயும். அதற்குப் பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும். பெல்ட்டின் மறுமுனையில் பின் சக்கரப் பக்கம் இருக்கும் தட்டுகளைக் கையால் அகட்டி, பெல்ட்டை அங்கே உள்ளே அழுத்திவிட்டால் முன்னால் அது தொய்வாக இருக்கும். அதன் பிறகு நட்டை இறுக்குங்கள். பிடிகருவி வைத்து, வண்டியின் கைநூலில் சொன்ன அளவுக்கு. சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் வைத்துத் தட்டின் சிறகை உடைத்தவர்கள் நிறையப் பேர்.

மூன்றாவது, தட்டில் கிறீஸ் படக்கூடாது. கை துடைத்த துணியால் தட்டைத் துடைக்காதீர்கள்.

கழற்றிய எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, வண்டி இலக்கத்தை மேலே எழுதி, பத்திரமாக வையுங்கள். மோஃபா ஒருவருக்கான வண்டி என்பதால் பின்னால் இருப்பவர் கால் வைக்கும் மிதிகளையும் கழற்றவேண்டும். இருக்கையில் என்ன மாற்றம் வேண்டும் என்பதைப் போனிலேயே பரிசோதகரிடம் கேட்டுவிடுங்கள்.

7. பரிசோதனைக்குக் கொண்டுபோகும் நாள்

ஓட்டிக்கொண்டு போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். மகன் ஓட்டக்கூடாது, தாளில் இன்னும் 45தான் இருக்கிறது. நான் பக்கத்து வீட்டுக்காரரின் ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனேன். கொண்டுபோக வேண்டியவை: அனுமதித் தாளின் மூலப் பிரதி, தொகுதியின் சான்று, உங்கள் அடையாள அட்டை. கடையில் பூட்டியிருந்தால் அவர்களின் பில்லும்.

பரிசோதகர் இடது மூடியைத் திறக்கச் சொல்லலாம். வளையத்தில் பொறித்திருக்கும் இலக்கத்தைச் சான்றோடு பார்ப்பார். பிறகு ஓட்டிப் பார்ப்பார், அல்லது உருளை மேடையில் ஏற்றுவார். ஸ்கூட்டரின் மீற்றரை நம்பாதீர்கள், அது எப்போதும் கொஞ்சம் கூடத்தான் காட்டும். முதல் நாளே போனில் ஜி.பி.எஸ். வைத்துத் தட்டையான ரோட்டில் நீங்கள் ஓட்டிப் பார்த்துவிடுங்கள், கார் லைசன்ஸும் வண்டிக்குக் காப்புறுதியும் இருந்தால். விளக்கு, பிரேக், ரயர், ஹோர்ன் எல்லாவற்றையும் அவர் பார்ப்பார். எங்கள் வண்டியில் பின் பிரேக் விளக்கு எரியவில்லை. ஐம்பது சதப் பல்புக்காக இன்னொரு வாரம் போனது.

வெளியே வரும் முன் ஒரு கேள்வி: "இந்தத் தாள் போதுமா, பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்த வேண்டுமா?" வண்டியின் வகையே மாறுவதால் பெரும்பாலும் அலுவலகத்துக்குப் போகவேண்டி வரும். அங்கே முன்பதிவு எடுக்கவே எங்கள் மாவட்டத்தில் இரண்டு வாரம் ஆனது. பரிசோதனைத் திகதி கிடைத்த அன்றே அதற்கும் சேர்த்துப் பதிந்துவிடுங்கள்.

8. காப்புறுதித் தகடு

மோஃபாவுக்குப் பதிவு இலக்கம் இல்லை, சின்னக் காப்புறுதித் தகடுதான். காப்புறுதி ஆண்டு மார்ச் 1இல் தொடங்கிப் பெப்ரவரி கடைசியில் முடியும். நிறம் கறுப்பு, நீலம், பச்சை என்று சுழலும். 2025இல் பச்சை, 2026 மார்ச் முதல் கறுப்பு. பழைய நிறத்தோடு ஓடினால் தூரத்திலிருந்தே பொலிஸுக்குத் தெரியும். நடு ஆண்டில் எடுத்தால் மீதி மாதத்துக்கு மட்டும் கட்டினால் போதும். அவசரமில்லை என்றால் பெப்ரவரியில் தாள் வேலையை முடித்து மார்ச்சில் தகடு எடுப்பது வசதி.

23 வயதுக்குக் கீழே ஓட்டுகிறவர் என்றால் பல நிறுவனங்கள் கூடக் கேட்கும். அதற்காக வயதை மறைக்காதீர்கள். முந்தைய உரிமையாளர் வழியாக வந்த காப்புறுதியில் 45 வண்டி என்று பதிந்திருந்தால், மோஃபா என்று மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

ஹெல்மெட் கட்டாயம். 25 தானே என்று பிள்ளைகள் முனகுவார்கள், நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.

9. வளையத்தைக் கழற்றுவது பற்றி மகனிடம் பேசுங்கள்

வண்டி வந்த இரண்டாவது வாரம், வகுப்புத் தோழன் ஒருவன் "பத்து நிமிசத்தில எடுத்துத் தாறன்" என்று சொன்னானாம். மகன் அதை வந்து என்னிடம் சொன்னது என் அதிர்ஷ்டம்.

கழற்றிவிட்டு மோஃபா சான்றிதழோடு ஓட்டினால் அது லைசன்ஸ் இல்லாமல் ஓட்டுவது. அபராதத்தோடு போகிற விஷயம் இல்லை, குற்றவியல் சட்டத்தில் வரும். ஒரு வருடம் வரை சிறை அல்லது தண்டப்பணம் என்று எழுதியிருக்கிறது. 14 வயதுக்கு மேல் பிள்ளையும் குற்றப் பொறுப்புக்கு வருவான். தெரிந்தும் ஓட்ட விட்டால் வண்டியின் உரிமையாளர், அதாவது நீங்களும். விபத்து நடந்தால் காப்புறுதி எதிராளிக்குக் காசைக் கட்டிவிட்டு 5000 யூரோ வரை உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். பிறகு கார் லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கும்போதும் இந்தக் கதை முன்னால் வந்து நிற்கும். நான் மகனை உட்காரவைத்து இதைத் தொகையோடு சொன்னேன். அறிவுரை காதில் ஏறவில்லை, 5000 ஏறியது.

அப்புறம் எல்லாம் முடிந்த ஞாயிறு, ஹாம் நகரில் இருக்கும் காமாட்சி அம்பாள் கோயிலில் பூசை செய்வித்துக்கொண்டு வரவேண்டும் என்று என் மனைவி. 25 கி.மீ. வேகத்தில் அங்கே போய்ச் சேருவதென்றால் பூசை முடிந்துவிடும். எலுமிச்சம்பழத்தை வீட்டு வாசலிலேயே ரயருக்குக் கீழே வைத்து நசுக்கினோம். 17 வயது வந்து அவன் காரைக் கேட்கும்போது ஸ்கூட்டரை 45ஆகவே விற்றுவிடலாம். அதற்கும் திரும்பப் பரிசோதனை, திரும்பத் தாள். கழற்றிய பாகங்கள் உள்ள பை கராஜில் மேல் தட்டில், பெயின்ற் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.